பிழைக்கும் பெயர் வேண்டும்



நம் ஆண்டு மலர்களில் கணினியைப் பற்றிக் கட்டுரை வந்தால், அது பெரும்பாலும் எழுத்துரு, விசைப்பலகை, கலைச்சொல் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. அவை தேவையானவைதாம், மறுக்கவில்லை. ஆனால் பட்டம் பெற்று வெளியேறிய நம்மவரில் கணிசமானோர் மென்பொருள் துறையில் இருக்கிறோம். காலை முதல் மாலை வரை நாம் செய்யும் அந்த வேலையைப் பற்றித் தமிழில் பேசிக்கொள்வது மிகக் குறைவு. அந்தக் குறையைச் சிறிதளவேனும் போக்கும் எண்ணத்தில், பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஒரு செய்தி நெறிமுறை நிரலகத்தை முன்வைத்து என் கருத்தைச் சொல்ல வருகிறேன்.

கருத்து இதுதான். ஒரு நிரலகம் செய்யும் வேலை எவ்வளவு முக்கியமோ, வேலை செய்ய முடியாதபோது அது சொல்லும் சொல்லும் அவ்வளவு முக்கியம். அந்தச் சொல்லைக் கேட்டவுடன், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது நமக்கு விளங்க வேண்டும். விளங்கவில்லை என்றால் அந்த நிரலகம் பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறது என்பேன்.

செய்தி போகும் பாதை

முதலில், துறை சாராத நண்பர்களுக்காகச் சில வரிகள். தீபாவளிக்கு ஊருக்குப் போக இணையத்தில் பேருந்து டிக்கெட் வாங்குகிறீர்கள். பணம் செலுத்திய சில விநாடிகளில் கைத்தொலைபேசிக்குக் குறுந்தகவல் வருகிறது. மின்னஞ்சலில் ரசீது வருகிறது. இத்தனையையும் ஒரே நிரல் செய்ய வேண்டும் என்பதில்லை. டிக்கெட் விற்ற நிரல், "இவருக்கு ரசீது அனுப்பு" என்ற செய்தியை நடுவில் இருக்கும் ஒரு தரகரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடலாம். தரகர் என்று நான் சொல்வதும் ஒரு மென்பொருளைத்தான். அது செய்தியை வரிசையில் வைத்திருந்து, ரசீது அனுப்பும் நிரலிடம் ஒப்படைக்கிறது. பெற்றுக்கொண்ட நிரல் வேலையை முடித்ததும் ஒப்புகை தருகிறது. ஒப்புகை வந்த பிறகே செய்தி வரிசையிலிருந்து நீக்கப்படுகிறது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் பதிவு அஞ்சலைப் போன்ற ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டுக்கான பொது நெறிமுறைகளுள் ஒன்று ஏஎம்கியூபி. ஜேபி மோர்கன் சேஸ் வங்கியில் 2003ஆம் ஆண்டு ஜான் ஓஹாரா தொடங்கிவைத்த முயற்சி அது. அந்நெறிமுறையைப் பின்பற்றும் ரேபிட்எம்கியூ என்ற தரகர் மென்பொருள் 2007இல் வெளிவந்தது. பைத்தான் நிரல்கள் அதனோடு பேசுவதற்கு உதவும் திறந்த மூல நிரலகங்களுள் ஒன்று பிகா. பிகா என்பது முயலுக்கு உறவான ஒரு சிறு விலங்கின் பெயர். முயலின் பெயர் கொண்ட தரகரிடம் பேச, முயலின் உறவுக்காரரையே அனுப்பியிருக்கிறார்கள்!

விழுங்கப்படும் பிழை

பைத்தானில் ஒரு வேலை நடக்க முடியாமல் போனால் ஒரு விதிவிலக்கு எழுப்பப்படுகிறது. எக்செப்ஷன் என்று நாம் வகுப்பில் கேட்பது இதைத்தான். அழைத்த நிரல் அதைப் பிடித்து ஆவன செய்யலாம். பிடிக்காவிட்டால் நிரல் நின்றுவிடும். நின்றுவிடுமோ என்ற பயத்தில் பலர் ஒரு குறுக்குவழியை நாடுகிறார்கள். 'டிரை' என்று தொடங்கி, வெறுமனே 'எக்செப்ட்' என்று எழுதி, அதன் கீழே 'பாஸ்' என்று போட்டுவிடுவது. எந்தப் பிழை வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று பொருள்.

நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் இதன் விளைவை நேரில் பார்த்தேன். வாடிக்கையாளர்களுக்கு ரசீது போகவில்லை என்று புகார்கள் வந்தன. விற்பனை நடந்திருந்தது, பணமும் வந்திருந்தது. பதிவேட்டைத் திறந்து பார்த்தால் ஒரு பிழை கூட இல்லை. இரண்டு நாள் தேடிய பிறகே காரணம் கிடைத்தது. வாரயிறுதியில் பராமரிப்புக்காகத் தரகரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கியிருந்தார்கள். அப்போது இணைப்பு அறுந்துவிட்டது. அதற்குப் பின் ஒவ்வொரு செய்தியை அனுப்பும்போதும், இணைப்பு இல்லை என்று விதிவிலக்கு எழுந்துகொண்டே இருந்தது. பழைய நிரலில் யாரோ எழுதி வைத்திருந்த எக்செப்ட்டும் பாஸும் அதை ஒவ்வொரு முறையும் விழுங்கிக்கொண்டே இருந்தன. பதிவேடு சுத்தமாக இருந்ததைப் பார்த்து அனைவரும் நலம் என்று நம்பினார்கள்.

எழுதியவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அந்த நிறுவனத்தில் பயன்படுத்திய உள்நிரலகம், எந்தக் கோளாறு வந்தாலும் ஒரே பெயர் கொண்ட விதிவிலக்கையே எழுப்பியது. கடவுச்சொல் தவறா, தரகர் தூங்குகிறாரா, வரிசையே இல்லையா, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்! எது வந்தது என்று பிரித்தறிய வழியில்லாதபோது மனிதர் என்ன செய்வார்? வாயைப் பொத்திவிட்டார். ஆகவே பிழையைக் கையாளும் பொறுப்பு பயன்படுத்துபவரிடம் தொடங்குவதில்லை. நிரலகத்தை எழுதுபவரிடம் தொடங்குகிறது.

ஒரே பெயர் போதுமா?

அஞ்சலில் அனுப்பிய கடிதம் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உறையின் மேல் 'முகவரி தவறு' என்று இருந்தால் முகவரியைத் திருத்துவோம். 'வீட்டில் ஆள் இல்லை' என்றால் இரண்டு நாள் கழித்து மீண்டும் அனுப்புவோம். 'பெற மறுத்துவிட்டார்' என்றால் மீண்டும் அனுப்புவதில் பயனில்லை. காரணம் எதுவும் எழுதாமல் 'திரும்பியது' என்று மட்டும் முத்திரை குத்தினால்?

ஏஎம்கியூபி நெறிமுறையை வகுத்தவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். ஒவ்வொரு மறுப்புக்கும் எண் கொடுத்தார்கள். 403 என்றால் அனுமதி இல்லை. 404 என்றால் நீங்கள் கேட்ட வரிசை இல்லை. 406 என்றால் முன்நிபந்தனை பொருந்தவில்லை. ஏற்கெனவே உள்ள வரிசையை வேறு பண்புகளோடு அறிவிக்க முயன்றால் இது வரும். 320 என்றால் நிர்வாகி இணைப்பை வலிந்து மூடிவிட்டார். இவற்றில் இன்னொரு பிரிவும் உண்டு. ஒரே இணைப்புக்குள் பல தடங்கள் ஓடும். 403, 404, 406 ஆகியவை ஒரு தடத்தை மட்டும் மூடும். மற்றத் தடங்கள் பிழைத்திருக்கும். 320 போன்றவை இணைப்பையே மூடிவிடும். நெறிமுறை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லி அனுப்புவதை நிரலகம் வாங்கி, 'ஏதோ கோளாறு' என்று சுருக்கிச் சொன்னால், கடிதத்தின் மேல் எழுதிய காரணத்தை அழித்துவிட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

பைத்தான் மொழியே இந்தப் பாதையில் நடந்து வந்ததுதான். ஒரு காலத்தில் வலைப்பின்னல் கோளாறு என்றால் பொதுவான ஒரு பெயரும் ஓர் எண்ணும் கிடைக்கும். இணைப்பு மறுக்கப்பட்டால் அந்த எண் லினக்ஸில் 111, விண்டோஸில் 10061. எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் காரணத்தை அறிய வேண்டும். 2012இல் வந்த பைத்தான் 3.3 பதிப்பு, இணைப்பு மறுக்கப்பட்டது, இணைப்பு முறிந்தது, நேரம் கடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்தது. முக்கியமான செய்தி என்னவென்றால், புதிய பெயர்கள் எல்லாம் பழைய பொதுப்பெயரின் பிள்ளைகளாகவே வைக்கப்பட்டன. பழைய பெயரைப் பிடித்துக்கொண்டிருந்த நிரல்கள் உடையாமல் ஓடின.

பிகா கற்றுத்தரும் பாடம்

பிகாவின் 1.0 பதிப்பு 2019இல் வெளிவந்தது. அதன் விதிவிலக்குப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். ஒரு நல்ல வடிவமைப்புப் பாடம் கிடைக்கும். இணைப்பைத் தரகர் மூடினாரா, நாமே மூடினோமா என்பதற்கு வெவ்வேறு பெயர்கள். யாரும் மூடாமல் கம்பி அறுந்தாற்போல் இணைப்பு தொலைந்துபோனால் அதற்கு வேறு பெயர். தடத்தின் கோளாறு தனிக் குடும்பம். இணைப்பின் கோளாறு தனிக் குடும்பம். அந்த எண்ணும் விளக்கமும் விதிவிலக்கோடு தனித்தனிப் பண்புகளாகவே வருகின்றன. விளக்க வாசகத்தை வெட்டி ஒட்டிக் காரணம் தேட வேண்டியதில்லை.

செய்தி அனுப்பும் முறையிலும் ஒரு மாற்றம் வந்தது. எளிய ஒத்திசைவு முறையில், ஒப்புகை கேட்டு ஒரு செய்தியை அனுப்பினால் முன்பு ஆம், இல்லை என்ற விடை திரும்பி வந்தது. அந்த விடையைப் பார்க்காமல் விட்டுவிடுவது மிக எளிது. 1.0 முதல், செய்திக்குப் போய்ச் சேர வழியில்லை என்றாலோ, தரகர் ஏற்க மறுத்தாலோ விதிவிலக்கு எழுகிறது. கவனிக்காதவரையும் கவனிக்க வைக்கும் மாற்றம் இது.

பிகாவின் ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டு நிரல் மூன்று கிளைகளாகப் பிரிகிறது. தரகரே மூடினால் நிறுத்து. தடத்தில் கோளாறு என்றால் நிறுத்து. மற்ற இணைப்புக் கோளாறு என்றால் மீண்டும் முயற்சி செய். பெயர்கள் சரியாக இருப்பதால்தான் இந்த மூன்று முடிவுகளையும் மூன்றே கிளைகளில் எழுத முடிகிறது.

இங்கே எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. தரகர் மூடினார் என்ற பெயருக்குள் இருவேறு நிலைகள் அடங்கிவிடுகின்றன. நிர்வாகி பராமரிப்புக்காக மூடினால், காத்திருந்து மீண்டும் இணைவதே முறை. நாம் நெறிமுறையை மீறியதால் மூடினால், மீண்டும் இணைந்தாலும் அதே அடிதான் விழும். எண்ணைப் பார்த்துப் பிரிக்கலாம் என்பது உண்மை. ஆனால் மருந்து வேறு என்றால் பெயரும் வேறாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

தெரியாது என்று சொல்லும் நேர்மை

பிகாவில் எனக்கு மிகவும் பிடித்த விதிவிலக்கு ஒன்று உண்டு. அதன் பெயர் 'பிராபபிள் ஆத்தென்டிகேஷன் எரர்'. அதாவது, 'அநேகமாகக் கடவுச்சொல் கோளாறு'. ஏன் இந்த 'அநேகமாக'? ஏஎம்கியூபியின் 0-9-1 பதிப்பில், கடவுச்சொல் தவறாக இருந்தால் தரகர் காரணம் சொல்லாமலே இணைப்பைத் துண்டித்துவிடலாம். காரணத்தைச் சொல்லும் வசதியை ரேபிட்எம்கியூ பிற்பாடு கூடுதலாகச் சேர்த்தது. ஆகவே, அடையாளம் காட்டும் கட்டத்தில் இணைப்பு துண்டிக்கப்பட்டால், நிரலகத்தால் ஊகிக்க மட்டுமே முடியும். ஊகம் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்! உறுதியாகத் தெரியாததை உறுதியாகச் சொல்லவும் இல்லை. தெரிந்த அளவைச் சொல்லாமல் மறைக்கவும் இல்லை.

இந்த நேர்மை மிகவும் தேவைப்படும் இடம் இன்னொன்று. செய்தியை அனுப்பிவிட்டோம், தரகரின் ஒப்புகை வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. செய்தி போய்ச் சேர்ந்ததா இல்லையா? நிரலகத்துக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. இந்நிலையில் தோல்வி என்று சொன்னால், அழைத்தவர் மீண்டும் அனுப்புவார். ஒரே கட்டணம் இருமுறை பிடிக்கப்படலாம். வெற்றி என்று சொன்னால் ரசீதே போகாமல் இருக்கலாம். நிரலகமே ஓசையின்றி மீண்டும் அனுப்பிவிடுவது இவை எல்லாவற்றையும் விட ஆபத்தானது. 'முடிவு தெரியவில்லை' என்று தனிப்பெயரோடு சொல்லி, தீர்மானத்தை அழைத்தவரிடம் விடுவதே சரி. அவரிடம் செய்திக்கு ஓர் அடையாள எண் இருந்தால், இருமுறை வந்தாலும் ஒருமுறை மட்டும் செயல்படுத்திக்கொள்வார்.

பெறும் பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய இரு பக்கமும் அவ்வப்போது இதயத்துடிப்பு போன்ற ஒரு குறியை அனுப்பிக்கொள்கின்றன. பிகாவின் எளிய ஒத்திசைவு முறையில், ஒரு செய்திக்கான வேலை பல நிமிடங்கள் நீண்டால், அந்நேரம் துடிப்பு போகாது. தரகர் இணைப்பை அறுத்துவிடும். வேலை முடிந்து ஒப்புகை கொடுக்கப் போகும்போதுதான் நமக்குப் பிழை தெரியவரும். அதற்குள் அதே செய்தி இன்னொரு நிரலிடம் மறுபடியும் ஒப்படைக்கப்பட்டிருக்கலாம். பிழை தெரியும் இடம் ஒன்று, பிறந்த இடம் வேறு. அதனால்தான் ஒரு விதிவிலக்கு தன் மூலக்காரணத்தையும் கையோடு கொண்டுவர வேண்டும் என்கிறேன்.

எனது அளவுகோல்கள்

ஒரு செய்தி நிரலகத்தின் பிழை கையாளலைச் சீர்படுத்த யாரேனும் என்னைக் கேட்டால், ஐந்து விதிகளைச் சொல்வேன்.

முதலாவது, பெயர்களை மருந்தின்படி பிரியுங்கள். மீண்டும் முயலலாம், அமைப்பைத் திருத்த வேண்டும், நிறுத்த வேண்டும், முடிவு தெரியவில்லை என்ற நான்கும் நான்கு கதவுகள்.

இரண்டாவது, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தாய்ப்பெயர் இருக்கட்டும். நுணுக்கம் வேண்டாதவர் அதை மட்டும் பிடித்துக்கொள்வார்.

மூன்றாவது, மூலக்காரணத்தைத் தொலைக்காதீர்கள். ஒரு விதிவிலக்கை மற்றொன்றாக மாற்றி எழுப்பும்போது பழையதையும் சேர்த்துக் கட்டி அனுப்பும் வசதி, 2008இல் வந்த பைத்தான் 3.0 முதலே இருக்கிறது. 'ரெய்ஸ்' என்பதோடு 'ஃப்ரம்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்.

நான்காவது, உள்வீட்டுப் பிழையை வெளியே கசியவிடாதீர்கள். உள்ளே அகராதியில் ஒரு சாவி கிடைக்கவில்லை என்பது பயன்படுத்துபவருக்கு எதையும் சொல்லாது. தரகர் அனுப்பிய செய்தி நெறிமுறைப்படி இல்லை என்று மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, உங்களுக்கு உரியதல்லாததைப் பிடிக்காதீர்கள். பயனர் நிறுத்தச் சொல்வது ஒரு கோளாறு அல்ல. விசைப்பலகையில் நிறுத்தும் கட்டளையை 2006இல் வந்த பைத்தான் 2.5 பதிப்பும், ஒத்திசையா நிரல்களில் வேலையை ரத்துசெய்யும் கட்டளையை 2019இல் வந்த 3.8 பதிப்பும், பொதுப் பிழைக் குடும்பத்திலிருந்து வெளியே எடுத்து வைத்தன. வெறும் எக்செப்ட் அவற்றையும் பிடித்துவிடும். ஆகவே அதைத் தவிர்ப்பது நலம்.

மறுப்போருக்கு

இவ்வளவு பெயர்கள் இருந்தால் புதியவர் குழம்பமாட்டாரா என்று கேட்கலாம். அளவு மீறினால் குழம்பத்தான் செய்வார். மருந்து ஒன்றாக இருக்கும் இரு கோளாறுகளுக்கு இரு பெயர் வைப்பதை நானும் ஆதரிக்கவில்லை. முதல் விதியை ஒழுங்காகப் பின்பற்றினால் பட்டியல் தானாகவே சிறுத்துவிடும்.

எல்லாவற்றையும் நிரலகமே சரிசெய்து மீண்டும் இணைந்துகொண்டால் பயனருக்கு ஏன் தொல்லை என்று கேட்பவரும் உண்டு. தானே மீண்டும் இணையட்டும், வரவேற்கிறேன். ஆனால் எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்ற வரம்பு வேண்டும். இணைந்ததைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். கடவுச்சொல் தவறு என்ற பதிலுக்கு விடிய விடியக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பது விடாமுயற்சி ஆகாது.

நம்மால் முடியும்

தம்பி தங்கையரே, திறந்த மூலத் திட்டங்களில் பங்களிக்க வேண்டும் என்று பலருக்கும் ஆசை உண்டு. புதிய வசதி ஏதாவது எழுதினால்தான் பங்களிப்பு என்று நினைத்துத் தயங்குகிறோம். அது தேவையில்லை. நீங்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்குப் பயன்படுத்தும் நிரலகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே தவறான கடவுச்சொல்லைக் கொடுங்கள். பாதி வேலையில் தரகரை நிறுத்துங்கள். இல்லாத வரிசையைக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் என்ன பெயர் வருகிறது, அதைக் கொண்டு அடுத்து என்ன செய்வதென்று தெரிகிறதா என்று எழுதி வையுங்கள். தெரியாத இடங்கள்தாம் நீங்கள் திருத்தித் தரக்கூடிய இடங்கள். ஒரு சோதனை நிரலும் சேர்த்து அனுப்பினால், பராமரிப்பவர்கள் மகிழ்ச்சியோடு பார்ப்பார்கள்.

இதற்கு மேதையாக இருக்க வேண்டியதில்லை. சொல்லைப் பொருளறிந்து தேர்ந்தெடுக்கும் பழக்கம் வேண்டும். பிழை, தவறு, குற்றம் மூன்றும் ஒன்றா என்று பட்டிமன்றத்தில் மணிக்கணக்கில் வாதாடுபவர்கள் நாம்! அந்தச் சொல்லக்கறையை நிரலிலும் காட்டினால் என்ன?

நாம் எழுதும் நிரலை நாளை யாரோ ஒருவர், நள்ளிரவில், அவசரத்தில், நம்மைக் கேட்க வழியில்லாமல் பயன்படுத்துவார். அந்நேரம் அவரோடு பேசப் போவது நாம் வைத்த பெயர் ஒன்றுதான். அது உண்மையைச் சொல்லட்டும்; அடுத்த வழியையும் காட்டட்டும்.